கைது ஒரு பக்கம், தள்ளுபடி வேறொரு பக்கம்: அமெரிக்கக் கவுண்டி ஜெயில் பதிவேடுகளின் கதை

2011-ல் ஆன்சைட்டில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை நண்பனின் அப்பாவிடமிருந்து போன். கரூர்ப் பக்கத்து மனிதர். வழக்கமாக "சாப்பிட்டியா கண்ணு"வில் ஆரம்பிப்பவர், அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கண்ணு, மறைக்காம சொல்லோணும். இவன் அங்க ஜெயிலுக்குப் போயிட்டு வந்தானாமா?"

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. ஏனென்றால் போனது உண்மைதான். மறுநாள் அதிகாலையில் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான்.

"ஆமாங்கப்பா. ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்லீங்க."

நடந்தது இதுதான். அங்கே பல மாநிலங்களில் வெளிநாட்டுக்காரர்களின் டிரைவிங் லைசென்ஸ், விசா தேதியோடு சேர்ந்தே காலாவதியாகும். நண்பனுக்கு விசா நீட்டிப்பு தாமதமாகி லைசென்ஸ் மூன்று வாரம் முன்பே முடிந்துபோயிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்தார், கைவிலங்கு போட்டார். கவுண்டி ஜெயிலில் கைரேகை, போட்டோ, ஐந்து மணி நேரம். பிறகு ஜாமீன். ஆறு வாரம் கழித்துப் புது லைசென்ஸை நீதிமன்றத்தில் காட்டினான். வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நாங்களும் மறந்துவிட்டோம்.

இணையம் மறக்கவில்லை. ஊரில் பெண் பார்த்து, ஜாதகம் பொருந்தி, பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, நியூ ஜெர்சியில் இருந்த பெண்ணின் பெரியப்பா மாப்பிள்ளை பெயரைக் கூகுளில் போட்டுப் பார்த்திருக்கிறார். முதல் பக்கத்திலேயே தூக்கம் கெட்ட கண்களோடு நண்பனின் முகம். கீழே கைதான தேதி, குற்றச்சாட்டு. வழக்கு தள்ளுபடியானது பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. அன்றைக்குத்தான் நான் இந்தப் பதிவேடுகளைத் தோண்ட ஆரம்பித்தேன். இதை ஏன் ஊருக்கே காட்டுகிறார்கள்? எப்போதிலிருந்து? பத்து வருஷத்துக்கு மேலாக விட்டு விட்டுப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், புக்கிங் என்றால் என்ன?

அமெரிக்காவில் ஜெயில் வேறு, பிரிசன் வேறு. தண்டனை உறுதியாகி நீண்ட காலம் இருப்பது பிரிசன். அதை மாநில அரசோ மத்திய அரசோ நடத்தும். ஜெயில் பெரும்பாலும் கவுண்டியுடையது. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பல இடங்களில் அதைவிடச் சின்னது. நாடு முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள். பெரும்பாலானவற்றில் ஜெயிலை நடத்துபவர் ஷெரிஃப், அதாவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி.

ஒருவரைக் கைது செய்து கொண்டுவந்ததும் ஜெயிலில் பெயர், வயது, எந்தப் போலீஸ் பிடித்தது, என்ன குற்றச்சாட்டு, எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், ஜாமீன் தொகை எவ்வளவு என்று எழுதி, கைரேகையும் போட்டோவும் எடுத்து, ஒரு எண் கொடுப்பார்கள். இதுதான் புக்கிங். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த நேரத்தில் எந்த நீதிபதியும் எதையும் தீர்மானித்திருக்க மாட்டார். உள்ளூர் ஜெயில்களில் இருப்பவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள்.

அப்புறம் ஏன் வெளியே காட்ட வேண்டும்?

இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். இந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்தது கைதானவரை அவமானப்படுத்த அல்ல, அவரைக் காப்பாற்ற.

இங்கிலாந்திலிருந்து வந்த சட்ட மரபில் ரகசியக் கைது என்பது பெரிய பயம். ராஜாவின் ஆட்கள் ஒருவரைத் தூக்கிப் போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்லாவிட்டால், குடும்பத்தால் என்ன செய்ய முடியும்? 1679-ன் ஹேபியஸ் கார்பஸ் சட்டம் அந்தப் பயத்துக்கான மருந்து: ஆளை நீதிபதி முன்னால் கொண்டுவந்து, ஏன் பிடித்தாய் என்று சொல். ஆனால் யாரைப் பிடித்தார்கள் என்று தெரிந்தால்தானே மனு போட முடியும்? அதற்குத் திறந்த கைதுப் புத்தகம் வேண்டும். வாஷிங்டன் டி.சி.யில் கைதுப் புத்தகத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று சட்டமே இருந்தது. அதன் நோக்கம் ரகசியக் கைதுகளைத் தடுப்பதுதான் என்று 1969-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் விளக்கியது.

நமக்கும் இது புரியாத விஷயமில்லை. ராத்திரி ஒருத்தரை ஜீப்பில் ஏற்றிப் போனபின், எந்த ஸ்டேஷன் என்றே தெரியாமல் குடும்பம் ஒவ்வொரு ஸ்டேஷனாக அலையும் கதையை நம்மில் பலரும் கேட்டிருப்போம். கைதானவர்களின் பெயரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தகவல் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 41சி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதே காரணம்தான்.

ஆக, புத்தகத்தை மேசை மேல் விரித்து வைத்தது போலீஸை மக்கள் கண்காணிக்க. அது எப்போது திசை மாறியது?

லூயிவில், 1972

போலீஸ் போட்டோ ஆல்பம் பழைய சங்கதிதான். நியூயார்க் போலீஸ் 1850-களிலேயே திருடர்களின் படங்களைச் சேர்த்து வைத்திருந்தது. 1886-ல் அந்த ஊர்த் துப்பறியும் பிரிவின் தலைவர் தாமஸ் பர்ன்ஸ் படங்களோடு ஒரு புத்தகமே போட்டார். ஆனால் எனக்கு இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் நடந்ததாகத் தோன்றுகிறது.

1972 கிறிஸ்துமஸ் வியாபார சமயம். கடைத்திருட்டு அதிகமாகும் என்று, லூயிவில் போலீஸும் சுற்றியுள்ள கவுண்டி போலீஸும் சேர்ந்து ஐந்து பக்கத்தில் போட்டோக்களை அச்சடித்துச் சுமார் 800 கடைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். தலைப்பு: இவர்கள் இப்போது நடமாடும் கடைத்திருடர்கள். அதில் இருந்த ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் போட்டோகிராபர். முந்தின வருஷம் கடைத்திருட்டுக் குற்றச்சாட்டில் கைதானவர், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு நடக்காமல் கிடப்பில் கிடந்தது. துண்டறிக்கை வெளியான கொஞ்ச நாளில் அது தள்ளுபடியே ஆகிவிட்டது. ஆனால் அதற்குள் அலுவலகத்தில் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு எச்சரித்தாகிவிட்டது.

அவர் வழக்குப் போட்டார். 1976-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நல்ல பெயர் கெட்டது என்பது மட்டும் அரசியல் சாசனம் காக்கும் உரிமை மீறப்பட்டதாக ஆகாது. மானநஷ்டம் என்றால் மாநில நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது அதன் சாரம். நீதிபதி பிரென்னன் கடுமையாக மறுத்து எழுதினார். விசாரணையே இல்லாமல் ஒருவருக்குப் போலீஸ் குற்றவாளி முத்திரை குத்தலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்தத் தீர்ப்பு வந்தபோது இணையம் இல்லை. 800 கடைகள், அவ்வளவுதான். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அந்தத் தாள் குப்பைக்குப் போயிருக்கும்.

13 வருஷம் கழித்து, 1989-ல், அதே உச்ச நீதிமன்றம் கம்ப்யூட்டரைக் கணக்கில் எடுத்து யோசித்தது. எஃப்.பி.ஐ. தொகுத்து வைத்திருக்கும் ஒருவருடைய கைது வரலாற்றைப் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். உள்ளே இருப்பது எல்லாமே ஏற்கெனவே எங்கோ ஒரு கோர்ட்டில், எங்கோ ஒரு போலீஸ் ஸ்டேஷனில் பொதுவில் இருக்கும் தகவல்தான். ஆனாலும் நீதிமன்றம் மறுத்தது. ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பதைத் தேடி எடுப்பதும், ஒரே இடத்தில் தொகுத்ததைப் பொத்தானைத் தட்டி எடுப்பதும் ஒன்றல்ல என்றது. தேடக் கஷ்டமாக இருப்பதே ஒருவருக்கு ஒரு பாதுகாப்பு. என் தொழிலில் தேடலை எளிதாக்குவதுதான் வேலை, அதனால் இதைப் படித்தபோது கொஞ்சம் உறுத்தியது. நானும் எத்தனையோ அரதப்பழசான டேட்டாவை இண்டெக்ஸ் போட்டுத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். உள்ளே இருப்பவர்கள் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு மத்திய அரசின் பதிவுகளுக்குத்தான். கவுண்டிகள் அவரவர் மாநிலச் சட்டப்படி நடந்துகொண்டன.

மறுபடியும் லூயிவில், 1993

இந்த இடத்தில் கதையை ஒரே பக்கமாகச் சொன்னால் அது நேர்மையாகாது. ஜெயில் பதிவுகளை உடனுக்குடன் வெளியே அனுப்பியதில் ஒரு நல்ல காரணமும் உண்டு. அதுவும் அதே லூயிவில்லில்தான்.

1993 டிசம்பர். ஒரு இளம்பெண். அவளைத் தாக்கிய முன்னாள் காதலன் ஜெயிலில் இருந்தான். அவன் வெளியே வந்தால் தகவல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். அவன் ஜாமீனில் வந்தான். யாரும் சொல்லவில்லை. அவளுடைய 21-வது பிறந்தநாளன்று, வேலை முடிந்து காரில் உட்கார்ந்திருந்தவளைச் சுட்டுக் கொன்றான்.

ஜெயிலுக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது. அவன் பெயரில் விடுதலை என்று பதிவாகிறது. அந்த ஒரு வரி ஒரு போன் மணியாக மாறியிருந்தால் அவள் அன்று வேலைக்குப் போயிருக்க மாட்டாள். அடுத்த வருஷமே அந்தக் கவுண்டியில் வைன் என்ற ஏற்பாடு வந்தது. ஜெயிலின் புக்கிங் கம்ப்யூட்டரோடு இணைத்து, கைதி வெளியே வந்ததும் பாதிக்கப்பட்டவருக்குத் தானாகப் போன் போகும். இன்று பெரும்பாலான மாநிலங்களில் இது இருக்கிறது. எத்தனை பெண்கள் அந்தப் போனை எடுத்துவிட்டு வீட்டை மாற்றியிருப்பார்கள்! அதனால், "எல்லாத்தையும் மூடிடுங்க" என்று என்னால் சொல்ல முடியாது.

தகவலை விற்றவர்கள்

2000-க்குப் பிறகு ஷெரிஃப் அலுவலகங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இணையதளத்தில் ஜெயில் பட்டியலைப் போட்டன. குடும்பத்தார் தினம் போன் செய்து கேட்பது குறையும். வெளிப்படைத்தன்மை என்று பெயரும் கிடைக்கும். சிலர் இன்னும் ஒரு படி போனார்கள். அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் ஷெரிஃப் ஜோ அர்பையோ 2000-ல் ஜெயிலுக்குள் கேமரா வைத்து, விசாரணைக்கே போகாத கைதிகளை உலகம் முழுக்க நேரலையில் காட்டினார். 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியதை உறுதி செய்தது. குற்றம் நிரூபிக்கப்படாதவருக்கு இது தண்டனை கொடுப்பது போல என்றது.

அப்புறம் வந்தவர்கள் வியாபாரிகள். கவுண்டித் தளங்களிலிருந்து போட்டோக்களை புரோகிராம் எழுதி மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் தளங்களில் போட்டார்கள். நீக்க வேண்டுமா, பணம் கட்டு. நண்பனிடம் கேட்டது 400 டாலர். கட்டினாலும் பயனில்லை, அதே படம் இன்னொரு தளத்தில் இருக்கும். 2013-ல் கூகுள் தன் தேடலில் இந்தத் தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் நீக்குவதற்குப் பணம் வாங்குவதைத் தடுக்கச் சட்டம் போட்டன. 2019-ல் நியூயார்க் மாநிலம் கைதுப் படங்களைப் பொதுவில் கொடுப்பதையே பெரும்பாலும் நிறுத்தியது. 2020-ல் சான் பிரான்சிஸ்கோ போலீஸும் அதே வழியில் போனது.

என் தொழில்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய வழக்கு பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியுடையது. அந்தக் கவுண்டி 2008-ல் ஒரு தேடல் கருவியை இணையத்தில் ஏற்றியது. நல்ல எண்ணத்தில், 1938 முதல் அந்த ஜெயிலுக்கு வந்துபோனவர்கள் எல்லோரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். டேட்டா மைக்ரேஷன் செய்தவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகத் தெரியும்: இருப்பதை எல்லாம் ஏற்று, அப்புறம் பார்த்துக்கலாம். உள்ளே போனவர்களில் ஒருவர் 1998-ல் கைதானவர். அவருடைய பதிவை அழிக்கும்படி 2000-லேயே நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. எட்டு வருஷம் கழித்து அவர் முகம் இணையத்தில். வழக்குப் போட்டார், பாதிக்கப்பட்ட எல்லோருக்குமான வழக்காக அது மாறியது. மாநிலத்தின் குற்றப் பதிவுச் சட்டத்தைக் கவுண்டி தெரிந்தே மீறியது என்று 2019-ல் ஜூரி முடிவு செய்து, சுமார் 67,000 பேருக்கு ஆளுக்கு 1,000 டாலர் என்று தீர்ப்புச் சொன்னது. கணக்குப் போட்டால் 6 கோடியே 70 லட்சம் டாலர்.

2024-ல் மாரிகோபா மறுபடியும் செய்தியில் வந்தது. கைதானவர்களின் படத்தை மூன்று நாள் தளத்தில் வைக்கும் வழக்கத்தை எதிர்த்த ஒருவரின் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் உயிர்ப்பித்தது. அவர் மீதான குற்றச்சாட்டும் கைவிடப்பட்ட ஒன்றுதான். வெளிப்படைத்தன்மை என்ற ஷெரிஃப் தரப்பின் பதிலை நீதிபதிகள் ஏற்கவில்லை.

பழுது எங்கே இருக்கிறது?

இவ்வளவு படித்தபின் எனக்குத் தோன்றியது எளிமையான விஷயம். கைது ஒரு டேபிளில் இருக்கிறது, அது ஷெரிஃபுடையது. வழக்கின் முடிவு இன்னொரு டேபிளில். அது கோர்ட் கிளார்க்குடையது. பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே இணைப்பே இல்லை. புக்கிங் எண் வேறு, வழக்கு எண் வேறு. வழக்கு தள்ளுபடி ஆனாலும் கைதுப் பதிவு அப்படியே நிற்கும். அது பொய்யும் இல்லை. அன்று கைதானது நிஜம்தானே. ஆனால் பார்க்கிறவர் அதை முழுக் கதை என்று எடுத்துக்கொள்கிறார். பேப்பர் காலத்தில் அந்தப் புத்தகம் ஸ்டேஷனைத் தாண்டி வராது, அதனால் பாதிக் கதை யாரையும் ரொம்ப தூரம் துரத்தவில்லை.

பென்சில்வேனியா இதைச் சரிசெய்யவும் முயன்றது. 2018-ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: தண்டனையில்லாமல் முடிந்த வழக்குகளும், சில சிறிய குற்றங்களும், மனு எதுவும் இல்லாமலே கம்ப்யூட்டர் மூலம் பொதுப் பார்வையிலிருந்து மூடப்படும். இப்படித் தானாக மூடும் சட்டம் நாட்டிலேயே அதுதான் முதல். இரண்டு டேபிளையும் இணைத்தாலே பாதி வேலை முடிந்தது என்று எனக்கு அதைப் படித்தபோது தோன்றியது.

நீங்கள் தேட நேர்ந்தால்

அங்கே இருக்கும் பிள்ளையோ, தெரிந்தவரோ திடீரென்று தொடர்பில் இல்லை என்றால் இந்தப் பதிவேடுகள் உண்மையிலேயே உதவும். அதற்குத்தானே உருவானவை. எனக்குத் தெரிந்த முறை இது:

முதலில் ஊர் எந்தக் கவுண்டியில் வருகிறது என்று பாருங்கள். அந்தக் கவுண்டி ஷெரிஃபின் அதிகாரபூர்வத் தளத்தில் ஜெயில் ரோஸ்டர் அல்லது இன்மேட் சர்ச் என்று இருக்கும். புக்கிங் முடியச் சில மணி நேரம் ஆகலாம், பெயர் இல்லையென்றால் திரும்பப் பாருங்கள், அல்லது ஜெயிலுக்கே போன் செய்யுங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அவர்கள் குழம்புவார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். குடியேற்றத் துறை பிடித்திருந்தால் அதற்குத் தனித் தேடல் தளம் உண்டு. மத்தியச் சிறை என்றால் அதன் தளத்தில் 1982 முதலான பெயர்கள் இருக்கின்றன. பணம் கேட்கும் தனியார் தளங்கள் பக்கமே போக வேண்டாம்.

யாரையாவது பற்றி விசாரிப்பதற்காகத் தேடுகிறீர்கள் என்றால், அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அதே கவுண்டியின் கோர்ட் கிளார்க் தளத்துக்குப் போய் வழக்கு என்ன ஆனது என்று பாருங்கள். தள்ளுபடி, விடுதலை, அபராதம், தண்டனை எல்லாம் அங்கேதான் இருக்கும். அதே பெயரில் வேறொருவராகவும் இருக்கலாம், வயதைச் சரிபாருங்கள். நியூ ஜெர்சி பெரியப்பா இன்னும் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் இரண்டாவது பக்கத்தையும் பார்த்திருப்பார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பெண்ணைக் கொடுக்கிறவர் விசாரிக்கத்தானே செய்வார். இரண்டாவது பக்கம் ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

நண்பனுக்கு அடுத்த வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. இந்த முறை முதல் சந்திப்பிலேயே கோர்ட் முத்திரை போட்ட தள்ளுபடி நகலை எடுத்து மாமனார் முன்னால் வைத்துவிட்டான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாராம். "லைசென்ஸ் தேதியப் பாத்து வெச்சுக்கோணுமுங்க மாப்ள" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த நகல் இன்னமும் அவன் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. விசா விண்ணப்பத்தில் "எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா" என்ற கேள்வி வரும்; தள்ளுபடியானாலும் அதற்கு ஆமாம் என்றுதான் பதில் எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுதிவிட்டு, கூடவே அந்தத் தாளையும் எடுத்துப் போகிறான். சேராமல் கிடக்கும் அந்த இரண்டு டேபிளையும் அவன்தான் கையில் சுமந்து இணைத்துக்கொண்டிருக்கிறான்.